அண்ணன் மேடை ஏறிய மாலை

அண்ணனை நம் சொந்தத்தில் பலரும் ‘லண்டன் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் லண்டனில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் குழந்தைகள் மருத்துவராக இருந்தவர். யாராவது அப்படிச் சொன்னால் திருத்த மாட்டார். “சொல்லிட்டுப் போகட்டும், உடு அம்மிணி” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். எதையும் விட்டுக்கொடுத்துப் போகும் மனிதர் என்றே அவரை எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் மறைந்து ஓராண்டாகும் இந்த நாளில், அவர் விட்டுக்கொடுக்காமல் நின்ற ஒரு மாலையைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அண்ணன் பிறந்தது ராசிபுரத்தில். அப்பாவுக்குப் பட்டு நெசவு. வீட்டில் ஒரே தறி. அண்ணனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அப்பா மகிழ்ந்ததைவிடப் பயந்ததுதான் அதிகம். ஊரில் நெய் வியாபாரம் செய்த ஒருவர் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். நான் அப்போது பாவாடை கட்டிய சிறுமி. அந்தப் பெரியவரைப் பற்றி வீட்டில் மரியாதைக் குறைவாக ஒரு சொல் வந்ததில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அப்பா கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், “கால் வலி” என்பார்.

அண்ணன் படித்து முடித்து, அண்ணியைத் திருமணம் செய்து, இருவரும் இங்கிலாந்து போனார்கள். பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு, வெளிநாடுகளில் இருந்த நம் பக்கத்து மருத்துவர்கள் சிலரை அண்ணன் ஒன்றுசேர்த்தார். மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளை இந்தக் குழு படிக்க வைத்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நான், வாழப்பாடியிலிருந்து திருச்செங்கோடு வரை வீடு வீடாகப் போய் விசாரித்துச் சொல்வேன். குழுவில் அண்ணனுக்கு அடுத்தபடி முன் நின்றவர், அவரோடு கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர். அமெரிக்காவில் இதய மருத்துவர். அங்கே பேசிப் பேசி ஆட்களைச் சேர்த்ததில் அவருடைய பங்கே பெரிது. அதை மறைக்கக் கூடாது.

ஒரு தை மாதம் அவர்கள் எல்லோரும் ஊருக்கு வந்தார்கள். சேலத்தில் ஒரு மண்டபத்தில் விழா ஏற்பாடானது. காலையில் ஒத்திகை. மாணவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி நன்றி கூற வேண்டும், அதை வீடியோ எடுத்து அமெரிக்காவில் காட்டினால் இன்னும் பலர் உதவுவார்கள் என்பது நண்பரின் திட்டம்.

வாழப்பாடிப் பக்கத்து மாணவி ஒருவர் முறை வந்தது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய தந்தை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்கு வடநாடு போன இடத்தில் விபத்தில் இறந்தவர்.

“அப்பா பாடி ஊருக்கு வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு, அதுல இருந்து ஆரம்பிம்மா” என்றார் நண்பர்.

அந்தப் பெண் மைக்கை வாங்கவில்லை. “அதை நான் சொல்ல மாட்டேன் சார். என் மார்க்கைக் கேளுங்க, சொல்றேன். எந்த வார்டுல வேலை செய்யறேன்னு கேளுங்க, சொல்றேன்.”

“எல்லாரும் சொல்றாங்களேம்மா?”

“அது அவங்க இஷ்டம் சார். எங்க அப்பா செத்ததைச் சொல்லி நான் படிக்க மாட்டேன்.”

நண்பரின் முகம் சிவந்தது. “சாயங்காலம் வரைக்கும் யோசி. பேசாதவங்களுக்குக் குழு பணம் கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குழுவில் பாதிக்கு மேல் அவர் பக்கம். அந்த மாதத்துக்குள் கட்டணம் கட்டாவிட்டால் யாரும் தேர்வு எழுத முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் மற்ற மாணவர்கள் அந்தப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். “உனக்கு மட்டுந்தான் மானம் இருக்குதா? எங்கூட்லயும் அப்பன் படுத்த படுக்கையா கெடக்கறாருதான். நாங்க சொல்லலையா?” என்று நாமக்கல் பையன் ஒருவன் கத்தினான். அந்தப் பெண் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. சேதி எப்படியோ அவருடைய தாய்க்குப் போய், அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சரம்மா, நீங்க சொன்னா கேட்பா. ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லுங்க. வேணும்னா அவளுக்குப் பதிலா நான் மேடையேறி அழுதுடறேன்” என்றார்.

அண்ணனிடம் ஓடினேன். அவர் மண்டபத்தின் பின்புறம் தனியாக நின்றிருந்தார். “ஏனுங்கண்ணா, நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாதா? அந்தப் புள்ள அங்க தனியா உக்காந்திருக்குது” என்றேன்.

“பேசுனா குழு உடைஞ்சுரும் அம்மிணி. அந்த ஒரு புள்ளைக்காகப் பேசி, மத்த புள்ளைங்க படிப்பையும் கெடுத்துட்டேன்னு ஆயிரக்கூடாது.” சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்த காலம் அது. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன.

மாலையில் விழா தொடங்கியது. மாணவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தத் தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கடைசியில் நின்றார். மாணவி பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருப்பதற்குள் அண்ணன் மேடையேறிவிட்டார்.

“மொதல்ல நான் பேசறேனுங்க. வீடியோ எடுக்கறவங்க என்னை எடுத்துக்கலாம்” என்றார். பிறகு, அதுவரை எங்களிடம் அவர் வாய் திறந்து சொல்லாத ஒன்றைச் சொன்னார். படிப்புக்கு உதவிய நெய் வியாபாரி ஒவ்வொரு திருவிழாவிலும் அவரை மேடைக்கு அழைப்பாராம். “எங்க வீட்டு அடுப்பு எரியறது இவராலதான்” என்று ஊர் முன்னால் அண்ணன் சொல்ல வேண்டுமாம். “எங்கப்பா கூட்டத்துல உக்காந்து கேட்டுட்டு இருப்பாரு. ஒரு வருசம் நான் பேசிட்டு நிமிர்ந்து பாக்கறேன், அவரு உக்காந்த எடம் காலியா இருந்துச்சு. அப்புறம் அவரு கோயிலுக்கே வரலை. அந்தப் பெரியவரு நல்லவருங்க. அவரு இல்லீன்னா நான் டாக்டர் இல்லை. ஆனா எங்கப்பாவை எனக்குத் திருப்பித் தர அவரால முடியலை.”

என் பக்கத்தில் அண்ணி அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் இது தெரியாது.

அண்ணன் நண்பரைப் பார்த்தார். “அடுத்து நீ வாடா. உங்கம்மா உன்னைய எப்படிப் படிக்க வெச்சாங்கன்னு சொல்லு.”

நண்பர் எழுந்து நின்றார். “நான் எதுக்குடா எங்கம்மா கதையை ஊருக்கெல்லாம் சொல்லணும்?”

“அதைத்தான்டா காலைல அந்தப் புள்ளையும் கேட்டுச்சு.”

நண்பர் மண்டபத்தை விட்டு வெளியேறினார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். விழா அத்தோடு முடிந்தது. அண்ணன் பயந்தபடியே குழு உடைந்தது.

மாணவர்கள் யாரும் படிப்பை விடவில்லை, ஆனால் அதற்கு அண்ணன் கொடுத்த விலை பெரிது. மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர் இங்கிலாந்து திரும்பி மறுபடி வேலைக்குப் போனார். “உங்க உடம்பு தாங்காது” என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “இந்தப் புள்ளைங்க வெளிய வர்ற வரைக்கும்” என்பதே பதில். எல்லோரும் பட்டம் பெற்றார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கத்திய நாமக்கல் பையனும்தான். பிரிந்து போகாத சிலரை வைத்து அண்ணன் உதவியைத் தொடர்ந்தார், நானும் வீடு வீடாகப் போய் விசாரிப்பதை விடவில்லை. நண்பரும் அண்ணனும் மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை.

அண்ணன் கடைசியில் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார். இதயம் மிகவும் தளர்ந்திருந்தது. எல்லோரும் எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வாழப்பாடிப் பெண்தான் டாக்டராக வந்து பார்த்துவிட்டு அண்ணியிடம் உண்மையைச் சொன்னார்: “இனி ஊசி, குழாய் எதுவும் வேண்டாம்மா. பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருங்க.” அப்படியே செய்தோம். ஒரு காலை, அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்த உறவினர்கள், அக்கம்பக்கத்தார், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அண்ணனின் மாணவப் பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் முடிந்து சில வாரங்களில் அந்த நண்பர் அமெரிக்காவிலிருந்து வந்தார். அண்ணன் படத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானாம்மா?” என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஒன்னும் சொல்லலீங்க. உங்களுக்குப் போன் போடச் சொன்னாருங்க. நீங்க எடுக்கலை.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “இந்த வருசம் புள்ளைங்க வீடு பாக்க எப்பப் போறீங்க? நானும் வாரேன்” என்றார்.

போனோம். திருச்செங்கோடு பக்கம் ஒரு விசைத்தறித் தொழிலாளி வீடு. மகள் மருத்துவப் படிப்புக்குத் தேர்வாகியிருந்தாள். அந்தத் தகப்பனார் பாயை விரித்துப் போட்டுவிட்டு, நண்பரைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, “சார் யாருங்க?” என்று கேட்டார். உதவப்போகிறவர் இவர்தான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

நண்பர் முந்திக்கொண்டார். “இந்த டீச்சரோட அண்ணனுக்கு நான் கூட்டாளிங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பாயில் உட்கார்ந்தார்.