அக்கா சரியாகப் பதில் சொன்ன கேள்வி

டொக்டர்மாரின் சங்கம் ஒன்றில் எனக்கு விளம்பர வேலை. டொக்டர்மார் தங்கள் சான்றிதழைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ள அங்கே ஒரு பயிற்சித் திட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினியில் இருபத்தைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டாயமில்லை. அதனால் யாராவது போய்க் கெஞ்ச வேண்டும், அந்த யாராவது நான்தான். முப்பது வருடமாக மருந்து எழுதுகிறவரிடம் போய் "வாருங்கள், சோதனை எழுதுங்கள்" என்றால் ஏச மாட்டாரா? உண்மையைச் சொன்னால், நானே அதை நம்பவில்லை.

விளம்பரத்தில் போட ஒரு டொக்டரின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வேண்டும். ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் ரெய்னர்ஸ் லேன் என்ற பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா குடும்ப டொக்டர். இங்கே புலம்பெயர்ந்து வாழும் எங்கள் சனம் அவருக்குக் கொடுத்த பட்டம் எந்தச் சான்றிதழிலும் இல்லை: கைராசிக்காரி. வீடு மாறித் தூரம் போனவர்கள்கூட அந்தக் கைராசிக்காகவே இரண்டு ரயில் பிடித்து வருவார்கள்.

அக்கா சாப்பாட்டு மேசையிலேயே அந்தக் கேள்விகளுக்குத்தான் கணினியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு வரி சொல்லுங்கோ அக்கா. உந்தச் சோதனையால என்ன பிரயோசனம்?"

"பொறடா, முடிக்கிறன்."

நான் எட்டிப் பார்த்தேன். பிரஷர் குளிசையும் சிறுநீர் போகும் குளிசையும் குடிக்கும் வயதான பெண்ணுக்கு முழங்கால் வலி. எந்த வலிக் குளிசையைக் கொடுக்கக் கூடாது? அக்கா யோசிக்காமல் அழுத்தினார். சரி என்று பச்சை நிறம் விழுந்தது.

"பாத்தியளோ, உங்களுக்கு உதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

அக்கா அடுத்த கேள்விக்குப் போகவில்லை. "வியாழக்கிழமை ஒரு அம்மாவுக்கு நான் அதைத்தான் எழுதிக் குடுத்தனான்."

விடை தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அன்றைய அவசரத்தில் கை எழுதிவிட்டது. உடனே வேலை லப்டொப்பைத் திறந்து அந்த அம்மாவின் போன் இலக்கத்தை எடுத்தார். எனக்குப் பதறியது.

"பிழை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அக்கா. மருந்தை மாத்திறம் எண்டு சொல்லுங்கோ, போதும்."

பின்னே? அந்தச் சொல் வாயை விட்டு வந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். இத்தனை வருடக் கைராசி அத்தோடு சரி. அக்கா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, நான் டொக்டர் கதைக்கிறன். முழங்காலுக்குத் தந்த குளிசையை நிப்பாட்டுங்கோ. உங்கட மற்றக் குளிசையளோட அதைக் குடிச்சா கிட்னிக்குக் கூடாது. நான் விட்ட பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாளைக்குக் காலமை வாங்கோ, ரத்தம் எடுத்துப் பாப்பம்."

எங்கள் ஆட்கள் போனில் கத்தித்தான் கதைப்பார்கள். அந்த அம்மா கேட்டது எனக்கும் கேட்டது.

"நீங்களோ பிழை விட்டனீங்கள்?"

"ஓம் அம்மா. நான்தான்."

அடேயப்பா! நாலு மாதமாக 'சிறப்பு', 'உயர்தரம்' என்று எழுதிக் குவித்தவன் நான். எங்கள் ஆட்களில் பெரிய நிலையில் இருக்கும் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பொழுதுபடும் வரை அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. முழங்காலுக்கும் முதுகுக்கும் அந்தக் குளிசையை வாங்கிய தன் நோயாளர் அத்தனை பேரின் மருந்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணீர் அப்படியே ஆறிப்போனது.

அந்த அம்மாவின் ரத்தத்தில் சிறு மாற்றம் இருந்தது. இரண்டு கிழமையில் சரியாகிவிட்டது. ஆனால் நான் பயந்தபடியே கதை பரவியது. இரண்டு குடும்பங்கள் வேறு டொக்டரிடம் மாறிவிட்டன. "உங்கட அக்காவுக்குக் கைராசி போயிட்டுது" என்று மரக்கறிக் கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே சூட்டோடு அக்காவிடம் போனேன்.

"நன்றி கெட்ட சனம்! ரெண்டு குடும்பம் விட்டிட்டுப் போயிட்டுது, உங்களுக்குக் கவலை இல்லையோ?"

அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்த அக்கா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"போகட்டும். அவையின்ர குளிசையளையும் நான் அண்டைக்கே பாத்திட்டன். பிழை ஒண்டும் இல்லை."