பனை போட்ட நோட்டு

அந்த நோட்டு மேசை விரிப்பளவுக்கு மேடையில் தொங்கியது. பச்சை நிறம், நடுவில் பனை, மூலையில் ஆயிரம் என்ற எண். ஊரில் தமிழருக்குத் தனிநாடு கிடைத்தால் காசு இப்படித்தான் இருக்கும் என்று, சுவிசின் டீட்டிகோன் நகரத் தமிழ்ச் சங்கத்தார் வரைவித்திருந்தார்கள். பனையா, கோயில் கோபுரமா என்று அதற்குள் இரண்டு அணியாகச் சண்டையும் பிடித்து முடித்திருந்தார்கள். நாடு பிறக்குமுன் நோட்டுக்குப் படம் தேடியவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

அன்று பேச வந்தவள் என் அக்கா. உயர்பள்ளி இறுதியாண்டுக் கட்டுரைக்கு, புதிதாக விடுதலை பெறும் நாடு எந்தக் காசைப் பயன்படுத்தலாம் என்பதை எடுத்திருந்தாள். சங்கச் செயலாளராக இருந்த அப்பா, பெருமை தாங்காமல் அவளுக்கு மேடை கேட்டு வாங்கினார். கட்டுரையை அவர் வாசித்திருக்கவில்லை.

முதல் சில ஆண்டுகளுக்குப் பிறநாட்டுக் காசே நல்லது என்றாள் அக்கா. கொசோவோ யூரோவில் நடக்கிறது, கிழக்குத் திமோர் அமெரிக்க டொலரில் நடக்கிறது, சில்லறைக் காசை மட்டும் சொந்தமாக வெளியிடுகிறது என்று விளக்கினாள். மண்டபம் கொதித்தது. சொந்தக் காசில்லாதது ஒரு நாடோ என்று ஒருவர் கேட்டார். சுவிசில் பிறந்ததுக்கு மண்ணின் அருமை எங்கே தெரியும் என்றார் இன்னொருவர். சங்கத் தலைவர் அவளிடம் குனிந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கச் சொன்னார். அவள் ஒலிவாங்கியை விடவில்லை.

"இஞ்ச ஆராவது ரூபாயில சேமிக்கிறியளோ? எல்லாரும் சுவிஸ் பிராங்கிலதான். உங்களுக்குப் பிராங், அங்க இருக்கிற சனத்துக்கு மட்டும் ஒருத்தரும் நம்பாத புதுத்தாளோ?"

தலைவர் ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஊர்க்காரர், சீட்டுப் பிடிப்பவர், நல்லது கெட்டதுக்கு வருகிறவர் எல்லாம் அந்த மண்டபத்துக்குள்தான். அதை விட்டால் அவருக்கு இந்த நாட்டில் வேறு உலகம் கிடையாது. அவர் மேடைக்கு ஏறி, வயரைத் திரும்பச் செருகினார். பிள்ளை வாசித்து முடிக்கட்டும் என்றார். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேருக்கு அவள் கடைசி வரிவரை வாசித்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. அம்மா அதற்காக அழுதாள், அப்பா அழவில்லை.

அக்கா இப்போது சோலோதுர்ன் நகரில் பொருளாதாரம் படிப்பிக்கிறாள். போன மாதம் சங்கத்தின் புதுத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆண்டுவிழாவில் அவள் பேச வேண்டுமாம், பழையதைக் கிளறாமல் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டும். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"தம்பி, அவள் அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டவள். அதுக்கு முதல்ல ஆராவது பதில் சொல்லுங்கோ. பிறகு வாறம்."