எல்லைக்கிழாரின் தலைப்பாகை

"அமைச்சர் உள்ளே நுழைந்தார். கோட்டத்தரையர்கள் எழவில்லை. ஏய், வயக்காட்டுல எறங்காத! அவையில் மயான அமைதி."

கைபேசியை வாயருகே பிடித்தபடி கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருக்கிறார் மாரீஸ்வரி. நடுவில் அதட்டல் வாங்கியது ஒரு வெள்ளாடு. பேசுவதை எல்லாம் கைபேசி எழுத்தாக்கிவிடுவதால் ஆடும் அரசவைக்குள் வந்துவிடும். வீட்டுக்குப் போனதும் ஆடுகளை அவையிலிருந்து விரட்டுவதுதான் முதல் வேலை என்று சிரிக்கிறார்.

நரிக்குடிக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சதூரம் நடக்க வேண்டிய ஊர். கண்மாயில் தண்ணீர் இல்லை. மாரீஸ்வரி உண்டாக்கிய வெள்ளூற்று நாட்டிலோ ஆறு வற்றுவதே கிடையாது. அந்த நாட்டின் கதை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கதைச் செயலியில் வருகிறது. எனக்குப் பிடித்த படைத்தலைவனுக்கு இன்னும் ஏன் பதவி உயர்வு தரவில்லை என்று சண்டை போடத்தான் முதன்முதலில் அவரைத் தேடிப் போனேன். "காலியிடம் இல்லண்ணே. மேல இருக்குறவரு செத்தாத்தான் ஆச்சு" என்று கையை விரித்துவிட்டார்.

நிர்வாகம் அங்கே அவ்வளவு கறார். மன்னருக்குக் கீழே கோட்டத்தரையர்கள், அவர்களுக்குக் கீழே நாட்டாள்வார்கள். அதற்கும் கீழே ஏரிக்கிழார், களஞ்சியக்கிழார், எல்லைக்கிழார் என்று சின்னப் பிரபுக்கள். பதவி உயர உயரத் தலைப்பாகையில் சுற்று கூடும். தன்னைவிடப் பெரியவர் வந்தால் முழுதாக எழ வேண்டும். சமமானவர் என்றால் பாதி எழுந்தால் போதும். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"யூனியன் ஆபீஸு வராண்டாவுலதான். நூறு நாள் வேல விசயமாப் போயி உக்காந்திருப்போம்ல? யாரு வந்தா யாரு எந்திரிக்கிறாக, யாரு சும்மா சேர நகட்டி எந்திரிக்கிற மாதிரி காட்டுறாகன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

அரண்மனை விருந்தில் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். நாலு வகைப் பாயசமாவது போடக்கூடாதா என்று வாசகர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "ராசான்னா வயிறு வேற மாதிரியா இருக்கும்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

ஆனால் எல்லைக்கிழார் விஷயத்தில் அவருக்கு இந்தச் சிரிப்பு வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

போன வருஷம் அவர் கணவர் சோலை லாரி லோடு மேலிருந்து விழுந்துவிட்டார். கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனதும், ரத்தம் கொடுத்ததும், ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்ததும் சோலையின் அண்ணன் காளீஸ்வரன். மழை பெய்ததும் ஊருக்கு வந்து, தன் நிலத்தோடு தம்பி நிலத்தையும் தன் டிராக்டரிலேயே உழுது போட்டார். சோலையும் மாரீஸ்வரியும் திரும்பி வந்து பார்த்தால் வரப்பு இடம் மாறியிருக்கிறது. எல்லைக் கல்லும் கூடவே நகர்ந்திருக்கிறது. போனது மழைக்குப் பிறகும் ஈரம் நிற்கும் பள்ளத்துப் பக்கம். மாரீஸ்வரிக்கு மிளகாய் காய்ப்பது அங்கே மட்டும்தான்.

"வாயத் தொறக்காத. எங்கண்ணன் இல்லன்னா நான் இன்னிக்கி இல்ல" என்றார் சோலை. அதுவும் நியாயம்தான். கேட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துபோகும். கேட்காமல் இன்னொரு விதைப்பு போய்விட்டால் அதுவே வரப்பு என்று ஆகிவிடும். மாரீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. ஆடு மேய்க்கும்போது கைபேசியிடம் மட்டும் திறந்தார்.

எல்லைகளைக் காக்க வேண்டிய எல்லைக்கிழார், பக்கத்து நிலத்துக்காரன் போரில் காயம்பட்டுக் கிடக்கும் நேரத்தில், உதவிக்கு உழுகிறேன் என்று போய்க் கல்லை நகர்த்திவிடுகிறார். எல்லையைத் தின்ற பிரபுவுக்கு அவை நடுவே தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாக உருவ வேண்டும் என்பது வெள்ளூற்றுச் சட்டம். அடுத்த வெள்ளிக்கிழமை தீர்ப்பு.

அந்த வாரம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! கீழத்தெரு பால்ச்சாமி வந்து நின்றார். "ஏத்தா, அந்தாளு நான்தான? ஒரு ஓரமாத்தான் தள்ளுனேன். நேத்தே திருப்பி விட்டுட்டேன், வேணும்னா வந்து பாரு. தலப்பாய உருவிறாத." மாரீஸ்வரிக்கு அவர் நிலம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பக்கத்து ஊரிலிருந்து இன்னொருவர் போனில் அழாத குறை. இந்தப் பக்கத்தில் வரப்பைக் கடிக்காத டிராக்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

புரிய வேண்டியவருக்கு மட்டும் புரியவில்லை. காளீஸ்வரன்தான் அந்தக் கதைக்கு முதல் ரசிகர். டீக்கடையில் உரக்க வாசித்துக் காட்டுபவர். வியாழக்கிழமை நான் மாரீஸ்வரி வீட்டில் இருந்தபோதே வந்துவிட்டார்.

"ஏத்தா மாரீசு, அந்தப் பயலச் சும்மா விட்டுறாத. ஒதவி செய்யிற மாதிரி செஞ்சு மண்ணத் திங்கிறான் பாரு. தலப்பாய உருவுனாப் பத்தாது. அந்தக் கல்ல அவனே சொமந்துக்கிட்டுப் போயி பழைய எடத்துல ஊண்டணும்."

கட்டிலில் கிடந்த சோலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "சரி மச்சான், அப்படியே எழுதிருவோம்" என்றார் மாரீஸ்வரி. எனக்குத்தான் பயமாக இருந்தது.

சொன்னபடியே எழுதினார். ஆனால் சட்டம் இருந்தும் தலைப்பாகையில் யாரும் கை வைக்கவில்லை. கல்லை மட்டும் எல்லைக்கிழாரே சுமக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கூடவே, காயம்பட்டவனின் மனைவியை அவையில் பேச வைத்திருந்தார்: 'என் கணவருக்குத் தன் ரத்தத்தையே கொடுத்தவர் இவர். அதனால்தான் இத்தனை நாள் நாங்கள் வாய் திறக்கவில்லை. ஆனாலும் மிளகாய் காய்க்கும் அந்தப் பள்ளம் எங்களுடையது.'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் காளீஸ்வரன் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். மிளகாய் என்ற சொல்லில் குரல் நின்றது.

"அப்புறம் என்னண்ணே ஆச்சு?" என்றார் கடைக்காரர்.

"சார்ஜு போயிருச்சு" என்று, வெளிச்சம் எரிந்துகொண்டிருந்த கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்து, ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லிக்கொள்ள நான் வந்தபோது, மாரீஸ்வரி வீட்டு வாசலில் காளீஸ்வரன் நின்றிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கடப்பாரை இருக்காத்தா?"

அவர் வீட்டிலேயே ஒன்றுக்கு இரண்டு கிடக்கும். மாரீஸ்வரி உள்ளே போய் எடுத்து வந்தார். ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.