அப்பா பூட்டி வைத்த காற்று

"உள்ள இருக்கிற காத்தைத் திறந்து விடுறதுக்கோடி உன்னைப் படிப்பிச்சனான்?"

அப்பா இப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் பிராண்டே என்ற டேனிஷ் ஊரில், மூன்றாம் மாடி வீட்டில், அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறையில், சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேற்றர் முன்னால் குந்தியிருந்தோம். அதன் கீழ்ப்பாதி சுட்டது. மேற்பாதி பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தது. உள்ளே பசித்த வயிற்றின் இரைச்சல். ஊரிலிருந்து குடும்பங்களை அழைக்க அனுமதி வராமல், அகதிகளாக வந்த எங்கள் ஆட்கள் ஏங்கிக் கிடந்த காலம். அம்மாவுக்கு ஒருவழியாக வந்துவிட்டது. சனிக்கிழமை வந்து இறங்குகிறார். ஊர் மார்கழிப் பனிக்கே இளைப்பு வருகிறவர். இந்த அறையில் என் மூச்சே புகையாக வந்தது.

அப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஊரில், சாவகச்சேரிச் சந்தையடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். காற்றை உள்ளே நிறுத்தி வைப்பதுதான் அவருடைய வாழ்நாள் தொழில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி சயன்ஸ் படித்ததும் அந்தக் காற்றில்தான்.

கார்த்திகையிலேயே கீழ்வீட்டுக் கீர்ஸ்டன் ஒரு சிறிய சாவியோடு வந்து, ரேடியேற்றரின் மேல் மூலையிலிருந்த திருகாணியைக் காட்டி, "லுஃப்ட்! லுஃப்ட்!" என்றார். காற்று என்று பொருள். "ஓம், ஓம், லுஃப்ட் இருக்கு," என்று அப்பா பெருமையாகத் தலையாட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கீர்ஸ்டன் போனதும், சைக்கிள் வால்வில் பார்ப்பதுபோல, அப்பா திருகாணியில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி வந்தது. "பாத்தியே, லீக்!" இறுக்கிப் பூட்டி, அதன்மேல் வால்வு ரியூப் சுற்றி, ஒட்டுப் போடுகிற சொலூஷனும் பூசினார்.

இப்போது அதை நான் நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.

"வாசல்ல ஒருத்தன் அடைச்சுக்கொண்டு நிண்டா மற்ற ஆக்கள் எப்பிடியப்பா பஸ்ஸில ஏறுறது? காத்து இறங்கினாத்தான் சுடுதண்ணி ஏறும்."

"அவன் ரிக்கற் எடுத்தவன்தானே?"

வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகி மூடி, இரும்பு ஆறும்வரை காத்திருந்தேன். சுடுதண்ணீர் முகத்தில் அடித்தால் சயன்ஸ் காப்பாற்றாது. பழந்துணியைச் சுற்றி, கோப்பையைக் கீழே பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு சாவியைக் கால் சுற்று மட்டும் திருப்பினேன். சீறியது.

"ஐயோ, காத்துப் போகுது! பூட்டடி!" அப்பா பெருவிரலால் அடைத்தார்.

"விரலை எடுங்கோ!"

"எடுத்தா முழுக்கப் போயிடும்!"

"போகத்தானப்பா வேணும்!"

விரலிடுக்கால் கறுத்த தண்ணீர் பீறிட்டது. சனிக்கிழமைக்கென்று கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளை வேட்டி புள்ளிமானாயிற்று. அப்பா விரலை எடுத்தார். மிச்சக் காற்றும் போய்த் தண்ணீர் சீராக வந்ததும் திருகாணியைப் பூட்டிக் குமிழைத் திறந்தேன். சற்று நேரத்தில் மேற்பாதியும் சுட்டது. அப்பா திருகாணியில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி இல்லை.

"இப்பதான் பூட்டப் பழகியிருக்கிறாய்," என்றார்.

சனிக்கிழமை அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் ரேடியேற்றரில் முதுகைச் சாய்த்து நின்றார். "நல்ல சூடு. இதுக்கும் காத்தடிச்சது நீங்களோ?"

"வேற ஆர்?" என்றார் அப்பா, கூசாமல்.

மறுநாளே, எல்லா வீட்டாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் டேனிஷில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன்: 'மூன்றாம் மாடி. ரேடியேற்றரில் காற்று இறக்கித் தரப்படும்.' அப்பா விடவில்லை; கீழே இன்னொரு வரி எழுதுவித்தார்: 'சைக்கிளுக்குக் காற்று ஏற்றித் தரப்படும்.'

முதல் ஆள் கீர்ஸ்டன்தான். சாவியை எங்களிடம் தந்த நாளிலிருந்து அவருடைய ரேடியேற்றரும் இரைகிறதாம். இதை அவர் வீட்டுக் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். குமிழை மூடிவிட்டேன், இரும்பு ஆறட்டும். தலைக்கு மேலே, எங்கள் வீட்டில், அப்பா யாருடைய சைக்கிளுக்கோ பம்ப் அடிக்கும் சத்தம் கேட்கிறது.