வெட்டுக்கிளியின் இடது கதவு

பஸ்ஸில் ஏறினால் அன்னமேரிக்கு வாந்தி வரும். மூணாறிலிருந்து உடுமலைக்கு இறங்குகிற வழியில் எத்தனை வளைவு உண்டோ அத்தனையிலும் வரும். 1948இல் கல்யாணமாகி மலையேறிய அன்றைக்கு, கண்டக்டர் கொடுத்த சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டேதான் எஸ்டேட்டில் வந்து இறங்கினாள். எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தாயிற்று, வெறும் வயிற்றோடு ஏறிப் பார்த்தாயிற்று. மூடின சன்னலும் எண்ணெய் வாடையும் சேர்ந்தால் அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் ஊருக்கே போகவில்லை.

ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பம். ரயில் அவளை ஒன்றும் செய்யாது; படகில் வளர்ந்த உடம்பு. உடுமலையில் ரயிலேறிவிட்டால் மதுரை, தூத்துக்குடி என்று தூங்கிக்கொண்டே போய்விடுவாள். நடுவில் கிடக்கிற நாற்பது மைல் மலைதான் கணக்கு.

புருஷன் சூசையப்பன் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். 1951இல் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, பங்களாத் தண்ணீர்ப் பம்பை ஓட வைத்துக்கொண்டிருந்த நன்றிக்காகத் தன் பழைய காரை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இருபது வருஷத்துப் பழசு. பச்சை நிறம், துருத்தின இரண்டு விளக்கு. எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லாரும் அதை வெட்டுக்கிளி என்றார்கள். ஓடும். இடது கதவு மட்டும் மூடாது.

“ஒரு ஞாயித்துக்கிழமை வேலை மேரி. முன்சீட்டுல உக்காந்து காத்து வாங்கிக்கிட்டே உடுமலைக்கு இறங்கலாம்” என்றான் சூசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு வருஷம் நீண்டது.

கீல் ஆணியைத் திருகினால் ஆணி பிடிக்கவில்லை. தகரத்துக்கு உள்ளே கதவைத் தாங்குகிற மரத்தூண் மலையின் பனி மஞ்சைக் குடித்துக் குடித்து ஊறின ரொட்டி மாதிரி இருந்தது. தூணைக் கழற்றினான். அது நின்ற அடிப்பலகையும் கையோடு வந்தது. அடிப்பலகைக்காக சீட்டைத் தூக்கினான். தூக்கினால் கீழே கியர்பெட்டி கண்ணெதிரே எண்ணெய் ஒழுக்கிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருக்க ஃபிட்டரால் முடியுமா?

வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் குடிவந்தது. ஊறுகாய் ஜாடியில் போல்ட்டுகள். மாதா படத்துக்குப் பக்கத்தில் கார்புரேட்டர். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் வராமல் போனதால் அன்னமேரி அதைத் துணி போட்டு மூடி வைத்தாள். முன்சீட்டு வீட்டுக்குள் சன்னலோரம் வந்து உட்கார்ந்தது. விருந்தாளிகளை அதில்தான் உட்கார வைத்தார்கள். அடிப்பலகைக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையே கிடைத்தது; எஸ்டேட் முத்திரையும் எடையும் அதில் அச்சடித்தபடியே இருந்தன.

பக்கத்து வீட்டு மாரித்தாய் கொழுந்துக் கூடையோடு போகும்போது எட்டிப் பார்ப்பாள். “ஏ மேரி, பிள்ளை இல்லாத வீட்டுல இப்படியா ஒரு பிள்ளைய வளப்பீங்க? ஆறு வயசாகப் போவுது, இன்னும் நடக்கலையே!”

“அப்பன் மாதிரி. மெதுவாத்தான் நடக்கும்” என்பாள் அன்னமேரி.

மத்தியானத்தில் வேலை ஓய்ந்ததும் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். சன்னலுக்கு வெளியே மஞ்சு தேயிலைச் சரிவில் இறங்கிவரும். முதலில் தூரத்து மரங்கள் போகும், பிறகு லயம், பிறகு முற்றத்துக் கொடி. எல்லாம் போனபின் சீட்டு மட்டும் இருக்கும். அப்போது அது நகர்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. முறம் மடியில் கிடக்க அவள் பாட்டுக்குப் போவாள். வளைவுகள் இல்லை. கடைசியில் உப்பு வாடை அடிக்கும். அப்பா கரையில் குந்தி கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருப்பார். சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தத்தில் எழுந்து வருவாள்.

தூணுக்கும் கதவுச் சட்டத்துக்கும் மரம் தேடினபோதுதான் சூசை அந்தத் தப்பைச் செய்தான். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் ஒன்று காற்றில் விழுந்திருந்தது. எஸ்டேட் தச்சன் பொன்ராஜ் அறுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “பச்சை மரம்டே. நிழல்ல ஒரு வருஷம் கிடக்கட்டும்.”

“கொழுந்து பதினெட்டு மணி நேரத்துல வாடுது. மரத்துக்கு ஒரு மாசம் போதாதாக்கும்?” ஃபேக்டரி மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற சூட்டுக் காற்றில், தட்டுகளுக்கு நடுவே மரத்தைக் கிடத்தினான்.

“கொழுந்தை வாட்டி நீ பெட்டியில அடைக்கே. மரத்தை வாட்டி மஞ்சுல நிறுத்தப் போறே” என்றான் பொன்ராஜ். சூசை சிரித்தான்.

1957 மார்ச்சில், எல்லாம் வண்டிக்குத் திரும்பிப் போனபின், கதவு மூடியது. ‘டக்’ என்று ஒரே சத்தம். அன்றைக்கு அவன் இருபது தடவை திறந்து மூடினான்.

மே மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது: ‘வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஆள் அடையாளம் தெரிகிறது. மாதா திருவிழாவுக்கு வந்தால் உன் முகம் பார்ப்பேன். அப்புறம் வந்தால் குரல்தான்.’

அன்னமேரி அழவில்லை. கடிதத்தைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் வைத்தாள். “ஏங்க, ஜூலைக் கடைசியில லீவு சொல்லிருங்க.”

ஜூலை என்றால் அந்தப் பக்கத்தில் மழையும் மஞ்சும்தான். புறப்படுகிற காலையில் வெட்டுக்கிளியின் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் சூசை கதவைச் சாத்தினான். மூடவில்லை. தோளால் முட்டினான். முனகிக்கொண்டே மூடியது. சாரலுக்காகக் கண்ணாடியை ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தான்.

மூன்றாவது வளைவில் அன்னமேரி கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். அசையவில்லை. கதவு மரம் உப்பி, கண்ணாடியைக் கவ்விப் பிடித்திருந்தது. கதவுக் கைப்பிடியைத் திருகினாள். அதுவும் இல்லை. உள்ளே எண்ணெய் வாடை ஏறியது.

“நிறுத்துங்க.”

கியர் கம்பியைத் தாண்டி, புருஷன் பக்கத்துக் கதவு வழியாக விழுந்தடித்து இறங்கி, மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சூசை தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றான்.

“திரும்பிருவோமா மேரி?”

“திரும்பினா எப்ப வரது?”

“மழை விட்டதும் இழைச்சு விட்டேன்னா... ஒரு ஞாயித்துக்கிழமை வேலை...”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“கதவைக் கழத்துங்க” என்றாள்.

“மேரி, ஆறு வருஷம்.”

“எனக்குத் தெரியாதா? என் ஊறுகாய் ஜாடிதானே! கழத்துங்கங்கேன்.”

கீல் ஊசிகளைத் தட்டி எடுத்தான். அப்போதும் கதவு வரவில்லை. அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது. டயர் நெம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பியபோது, வலி தனக்கே என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். கதவு பின்சீட்டுக்குப் போனது. பெட்டி கட்டுகிற கயிற்றைத் திறப்பின் குறுக்கே இரண்டு சுற்று கட்டினான்.

அப்புறம் இறக்கம். இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. மஞ்சு உள்ளே வந்து மடியில் உட்கார்ந்து எழுந்து போனது. அன்னமேரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போது உடம்பைச் சாய்த்துக் கொடுத்தாள், படகில் செய்கிற மாதிரி. எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. சீட்டு அவளுக்குப் பழகின சீட்டு. காலடியில் எஸ்டேட் முத்திரை அதிர்ந்துகொண்டிருந்தது. சன்னலோரத்தில் எத்தனையோ மத்தியானம் போன வழிதான் இது என்று தோன்றியது; காற்று மட்டும் புதுசு.

மறையூருக்கு இறங்கினால் மழை கிடையாது. வெயிலும் கரும்புச் சக்கை வாடையும். அங்கே ஒரு டயர் போனது. வெல்லம் காய்ச்சுகிற சங்கையாவின் கொட்டகையில் அன்றைக்குத் தங்கினார்கள். டயர் ஒட்ட இடம் வேண்டி, கதவை எடுத்து அடுப்புப் பக்கமாகச் சாய்த்து வைத்தான் சூசை.

விடிந்ததும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கதவைத் தூக்கிக் கீலில் மாட்டினான். லேசாகத் தள்ளினான்.

‘டக்.’

“அண்ணாச்சி, அருமையா மூடுதே!” என்றார் சங்கையா.

சூசை திறந்து மூடினான். இன்னொரு தடவை. முகமெல்லாம் வெளிச்சம். “பாத்தியா மேரி! மரத்துல ஒரு குத்தமும் இல்ல. நம்ம மஞ்சுதான்.”

அன்னமேரி முகம் கழுவிக்கொண்டு வந்து கதவைத் தடவிப் பார்த்தாள். இழைப்பு வழுவழுவென்றிருந்தது. நல்ல வேலை. அதைச் சொல்லவும் செய்தாள். பிறகு, “சங்கையாண்ணே, இது இங்கயே இருக்கட்டும். திரும்பி வரப்ப எடுத்துக்கிடுதோம்” என்றாள்.

“நல்லா மூடுற கதவை ஏம்மா விட்டுட்டுப் போறீக?”

“அது மூடுறதுதான் எனக்கு ஆகலை.”

சூசை கீல் ஊசிகளைத் தட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வெட்டுக்கிளியை உடுமலை ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலேறி, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா அவளை வாசல் வெயிலுக்கு நடத்திக்கொண்டு வந்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் இடது கண்ணுக்கு வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி, மூக்கு, தாடை. அவள் இடது கன்னத்தில் கட்டைவிரலை ஓட்டினார். அங்கே தோல் கதவில்லாத பக்கத்துக் காற்றில் காய்ந்து சொரசொரத்திருந்தது.

“என்னட்டி, படகுலயா வந்தே?” என்றார்.

“ஆமாப்பா” என்றாள்.