தம்பி தங்கிய அறை

பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தோரு வருஷமாக டைப் அடிப்பவளைத் தெருவே ‘டைப்பிஸ்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு தம்பியை ஆளாக்கியவள் அவள்தான். ஐம்பத்தேழு வயதுவரை எந்த ஓட்டலிலும் தனியாகத் தங்கியதில்லை. தம்பியின் சாவுதான் அவளை வெளியூரில் ஒரு ஸ்டேஷன் ஓட்டலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளில் ஆர்டர் பிடிக்கிற வேலை அவனுக்கு. மாசத்தில் நாலு நாள் அந்த ஓட்டல் இருக்கிற நகரம். பதினோரு வருஷமாக அதே ஓட்டல், அதே அறை. அங்கேதான் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியங்கள் ஆகி மூன்று வாரம் கழித்து ஓட்டலிலிருந்து போன் வந்தது.

“சாரோட பெட்டி இங்கேயே இருக்கும்மா. சொந்தக்காரங்க யாராவது நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்.”

ரயிலை விட்டு இறங்கினால் ஓட்டலுக்குத் தெருவில் கால்வைக்கவே வேண்டாம். பிளாட்பாரத்தின் ஓரத்திலிருந்தே அகலமான கல்படிகள் ஏறின. நூறு வருஷத்துக் கட்டடம். இரும்புக் கம்பிக்கதவு போட்ட லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே போனது. நடைபாதைக் கம்பளம் நடுவில் மட்டும் தேய்ந்து நூல்நூலாகக் கிடந்தது. திரும்பிப்போக மறுநாள் காலையில்தான் ரயில். “அவன் இருந்த ரூமே கிடைக்குமா?” என்று அவளாகத்தான் கேட்டாள்.

அறையின் கூரை எட்டாத உயரத்தில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கரிபடிந்த கண்ணாடிக்கூரை, அதற்கடியில் ரயில்கள். ஒவ்வொரு வண்டி நுழையும்போதும் மேஜைமேல் இருந்த தம்ளர் கிடுகிடுத்தது. யார் வீட்டுக்கோ வந்துவிட்டவள் போலக் கட்டில் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கதவைத் தட்டி, பெட்டியோடு அந்த மாடியின் ரூம் பணியாள் வந்தார். அவள் வயதுதான் இருக்கும்.

“சார் சம்சாரம் வரலையாம்மா?”

“யாரு?”

“சார் வீட்டம்மா. ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு எப்படித் தாங்கறாங்களோ! பெரியவளுக்குப் பார்வை சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தாரு. ஊருக்கே கண்ணாடி விக்கிறேன், என் பொண்ணு போடமாட்டேங்கறான்னு சிரிப்பாரு.”

தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ‘நீங்க வேற யாரையோ நினைச்சுப் பேசறீங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் தொடர்ந்துவிட்டார்.

“சின்னவதான் பிடிவாதக்காரியாம். அப்படியே அவ அத்தையை உரிச்சு வச்சிருக்கான்னு சொல்வாரு. நீங்க சாருக்கு...?”

“அக்கா.”

“அப்போ அந்த அத்தை நீங்கதானா!” துக்க வீட்டுக்காரியிடம் சிரித்துவிட்டோமே என்று அவர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவ இப்ப கண்ணாடி போடறாளா?”

“போடறா,” என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நல்லாப் படிக்கிறா.”

அவர் போனதும் பெட்டியைத் திறந்தாள். வரிசையாக ஃபிரேம்கள், மூன்று சட்டைகள், மாத்திரை அட்டை, ஆர்டர் புத்தகம். சம்சாரமோ பிள்ளையோ இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. எல்லாம் அவன் வாய்வார்த்தையால் பெற்று வளர்த்த குழந்தைகள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மருந்துக்கடையில் வேலைபார்த்த ஒரு பெண்ணை அவன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். கட்டினால் இவளைத்தான் என்றான். “அவ உள்ளே வந்தா நான் வெளியே போயிடுவேன்,” என்று அக்கா ஒரே பேச்சில் முடித்தாள். வளர்த்தவள் என்கிற உரிமை. தனித்துப்போவோமோ என்கிற பயம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போனாள். வீட்டில் அந்தப் பேச்சே பிறகு எழவில்லை. அவன் மறந்துவிட்டான் என்றே இவள் நினைத்திருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று காலையில் தீர்மானித்தாள். பணியாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை வந்தார்.

“வீட்ல சொன்னேம்மா. என் சம்சாரம் அழுதுட்டா. ரெண்டும் பொட்டப்புள்ளைங்களாச்சே, அப்பா இல்லாம என்ன பண்ணுங்கன்னு ஒரே புலம்பல்.”

இனி எங்கே சொல்வது? “நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க,” என்றாள். வண்டி கிளம்பியபோது அவர் கையசைத்தார். இவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் தம்பி ஏன் கடைசிவரை தனியாகவே இருந்தான் என்று யாராவது கேட்டால், “நான்தான் விடலை,” என்கிறாள். கேட்டவர்கள் சங்கடப்பட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.