அப்பாவின் தட்டில் வைத்த பச்சை இலை

கீரையைக் கொடுத்து, பெற்ற அப்பனைக் கொல்லப் பார்த்த மடையன் எங்கள் ஆண்டிமடத்தில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அந்த இலையின் கசப்புப் பால் இன்னும் அடிநாக்கில் நிற்கிறது.

ஏழாவது படிக்கும்போது, எங்கள் தெருவில் குடியிருந்த வேளாண்மை ஆபீசர் ஒரு சிட்டிகை விதை தந்து, "லெட்டூஸ். வெள்ளைக்காரங்க பச்சையாவே திங்கிற கீரை" என்றார். மார்கழிப் பனியில் கிணற்றடியில் தளதளவென்று வளர்ந்தது. காம்பைக் கிள்ளினால் எருக்கம்பால்போலப் பால் வடிந்தது. "ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சுடா" என்று அம்மா பயந்தாள். நான் கேட்பேனா? சின்ன வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிசறி, இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்திருந்த அப்பாவின் மத்தியானச் சோற்றுத் தட்டில் குவித்தேன். "நல்லாத்தான்டா இருக்கு" என்று ஒரு குண்டான் இலையையும் காலி செய்தார்.

அந்தப் பெருமையைப் பீற்றிக்கொள்ள ஆபீசர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சிரித்தார். "அந்தப் பாலு மனச அமைதியாக்கித் தூக்கத்தக் கொண்டாந்துடும் தம்பி. உங்கப்பா இன்னிக்கு அடிச்சுப் போட்டாப்புல தூங்குவாரு."

திரும்பி ஓடி வந்தால், முந்திரி விறகு ஏற்றிய லாரியை அப்பா அரியலூருக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். சொன்னால் உதை, சொல்லாவிட்டால் லாரி ஏதாவதொரு சாலையோரப் புளியமரத்தில். "நானும் வரேம்ப்பா" என்று தொற்றி ஏறினேன்.

அவர் கண் மூடாமலிருக்க எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பேச்சு. பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன், பாடினேன், எதிரே வந்த வண்டிகளின் நம்பரையெல்லாம் கத்தினேன். "வாயில வசம்பு வெச்சுத் தேக்கணும்டா ஒனக்கு" என்றார். ஜெயங்கொண்டம் தாண்டியதும் ஒரு கொட்டாவி விட்டார். வாய்ப்பாட்டை இன்னும் உரக்கக் கத்தினேன். சுண்ணாம்புக்கல் லாரியொன்று புழுதியோடு எதிரே வர, அவர் இமை தாழ்வதுபோல இருந்தது.

"அப்பா! மாடு!"

வண்டி குலுங்கி ஓரத்தில் நின்றது. கல் லாரி எங்களை உரசாத குறையாகப் போயிற்று.

"எங்கடா மாடு?"

"போயிடுச்சுப்பா."

தலையில் ஒரு குட்டு. அரியலூர்வரை அழுதுகொண்டே வாய்ப்பாடு சொன்னேன்.

இப்போது அந்த லாரி இல்லை, கிணற்றையும் மூடியாகிவிட்டது. பெரம்பலூர் கடையில் அந்தக் கீரை கண்ணாடித் தாளுக்குள் குளிர்ந்து கிடக்கிறது. தூக்கம் வராத நான் வாங்கித் தின்கிறேன். ஏதோ கொஞ்சம் கண் அசருகிறது. இத்தனை வருடமும் அந்தப் பயணத்தை என் கோமாளித்தனம் என்றே அப்பாவைத் தவிர எல்லோரிடமும் சொல்லிச் சிரித்து வந்தேன். போன வாரம் அப்பாவிடமே உண்மையைச் சொல்லிவிட்டு, "அன்னிக்கு ஒங்களுக்குத் தூக்கமே வரலதானேப்பா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு, நீதான் வுடல."